அமெரிக்கக் கல்லூரியில் 61 கிரெடிட் (பாடங்களுக்குத் தரும் புள்ளி) இருந்தும் அசோசியேட் டிகிரி (இரண்டு வருடப் பட்டம்) தர மறுக்கிறார்கள். இந்தியாவில் படித்த பாடங்களைச் சேர்க்க முடியுமா?

முடியும். ஆனால் சேர்த்த உடனே டிகிரி கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். நான் அப்படிப் போட்டவள்.

அமெரிக்காவில் எந்த மாநிலம் என்று நீங்கள் எழுதவில்லை. கேள்வியைப் படித்தால், ஊரில் டிகிரியைப் பாதியில் விட்டு, கல்யாணமாகி, எச்-4 விசாவில் (கணவரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைப்பது) வந்து, பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தவர் மாதிரி தெரிகிறது. இல்லையென்றால் மன்னிக்கவும். என் கதை அதுதான், அதனால் எல்லோரையும் அப்படியே பார்க்கிறேன்.

நான் பி.எஸ்சி. கணிதம், நான்கு செமஸ்டர் வரை. மூன்றாம் ஆண்டு தொடங்குவதற்குள் கல்யாணம். (ஏன் சம்மதித்தாய் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அது வேறு கேள்வி.) கலிஃபோர்னியாவில் இருந்தபோது ஒரு கம்யூனிட்டி காலேஜில் எட்டுப் பாடங்கள் படித்தேன், மொத்தம் 36 யூனிட் (கிரெடிட்டுக்கு அங்கே அந்தப் பெயர்). அது குவார்ட்டர் முறையில், அதாவது செமஸ்டரைவிடச் சின்னப் பருவங்களாக, நடக்கும் கல்லூரி. அங்கே டிகிரிக்கு 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும், செமஸ்டர் முறைக் கல்லூரியில் 60. மூன்று குவார்ட்டர் யூனிட் இரண்டு செமஸ்டர் கிரெடிட்டுக்குச் சமம். ஆக என் 36 என்பது 24. 2017-இல் கணவருக்கு டாலஸ் பக்கம் புராஜெக்ட் மாறியது, டெக்சாஸுக்கு மூட்டை கட்டினோம்.

ஊர்ப் படிப்பைக் காட்ட வேண்டுமானால் பல்கலைக்கழகம் தரும் மதிப்பெண் பதிவான டிரான்ஸ்கிரிப்டை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும், அதுவும் பாடவாரியான மதிப்பீடு. மலிவாக இருக்கிறதே என்று பொதுவான மதிப்பீடு வாங்கினால் கல்லூரியில் எதற்கும் உதவாது. சீல் வைத்த உறைக்காக அப்பா நான்கு முறை பஸ் ஏறினார். ஒரு முறை கையெழுத்துப் போடுபவர் விடுப்பு, ஒரு முறை செலான் தப்பு. நான்காவது முறை உறை கிடைத்தது. அப்புறம்தான் பெயர்ப் பிரச்சினை.

இதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஊர் மார்க் ஷீட்டில் நான் அப்பாவின் இனிஷியலும் என் பெயரும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் நம் பெயரைத் தூக்கிக் கடைசிப் பெயராகப் போட்டுவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அடிப்பார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். என்னைப் பெற்று, பெயர் வைத்து, காது குத்திய இரண்டு பேர் ஊரில் உயிரோடு இருக்கிறார்கள், இங்கே பெயர் தெரியாதாம்! கல்லூரி மின்னஞ்சலே எஃப்.என்.யூ. என்றுதான் தொடங்கியது. வரலாற்று ஆசிரியர் முதல் நாள் வருகைப் பதிவில் "ஃப்னூ?" என்று கூப்பிட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆப்சென்ட் போட்டுவிட்டார். பெண் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும் அப்பாக்கள் தயவுசெய்து அந்தச் சர்நேம் கட்டத்தை நிரப்புங்கள். தமிழருக்குச் சர்நேம் கிடையாது என்கிற பெருமையை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் கொடுத்த பிறகே என் கோப்பு நகர்ந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மதிப்பீட்டு அறிக்கை வந்தது: 40 செமஸ்டர் கிரெடிட். சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். 40-உம் 24-உம் 64, டிகிரிக்கு 60 போதும். கணிதம் படித்தவள், கூட்டல் தப்பாது. அட்வைசரிடம் போய், "எனக்கு 4 கிரெடிட் அதிகம் இருக்கிறது" என்று சொன்னேன். நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

அவர் விளக்கியது இதுதான். மதிப்பீட்டு அறிக்கை வெறும் ஆலோசனை. எதை எடுப்பது, எதை விடுவது என்பது சேருகிற கல்லூரியின் இஷ்டம். எடுத்துக்கொண்டாலும், கிரெடிட் கணக்கில் ஏறுவது வேறு, டிகிரிக்குப் பயன்படுவது வேறு. டெக்சாஸில் அந்த 60-இல் 42 கிரெடிட் அரசு வகுத்த கோர், அதாவது கட்டாய, பாடங்கள். அதற்குள் அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6 என்று கட்டம் கட்டி வைத்திருக்கிறார்கள். இது போக, டிகிரிக்கான கிரெடிட்டில் கால் பங்காவது, அதாவது 15 கிரெடிட், டிகிரி தருகிற கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும். பை நிறையக் காசு இருக்கும், கண்டக்டர் கேட்கிற சில்லறை இருக்காதே, அந்தக் கதை.

என் 40-இல் அந்தக் கல்லூரி எடுத்தது 12. எந்த 12 என்று கேளுங்கள். தமிழ் 6, சார்புப் பாடமான இயற்பியல் 6. தமிழை அந்நிய மொழி என்று எடுத்துக்கொண்டார்கள், இரண்டுமே எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம். பொது ஆங்கிலத் தாள்கள் இங்கத்திய கட்டுரைப் பயிற்சிக்கு ஈடாகாது என்று தள்ளினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. நாங்கள் கோனார் நோட்ஸ் மனப்பாடம் செய்துதான் எழுதினோம். ஆனால் கணிதம், என் முதன்மைப் பாடம், பூஜ்யம். ஒவ்வொரு தாளுக்கும் சிலபஸ் கொண்டு வா, துறைத் தலைவர் பார்த்துச் சொல்வார் என்றார்கள். அப்பாவை ஐந்தாம் முறை பஸ் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. போராடியிருக்க வேண்டும் என்பீர்கள். தெரியும்.

கலிஃபோர்னியாவில் படித்த அரசியல் பாடமும் அடிபட்டது. அதில் அமெரிக்க அரசியலமைப்போடு கலிஃபோர்னியாவினுடையதும் இருந்தது. டெக்சாஸுக்கு டெக்சாஸினுடையது வேண்டும். 1876-இல் எழுதி, 500 முறைக்கு மேல் திருத்திய அதை உட்கார்ந்து படித்தேன். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வழக்கமான கூட்டத்தை அதிகபட்சம் 140 நாள் நடத்துகிற சட்டமன்றம் பற்றி இப்போது நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஊரில் எங்கள் எம்.எல்.ஏ. யார் என்று கேட்டால் யோசிக்க வேண்டும்.

மீதி ஏழு கலிஃபோர்னியப் பாடங்களையும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு மூன்று செமஸ்டரும் ஒரு கோடை விடுமுறையுமாக எட்டுப் பாடங்கள், 26 கிரெடிட் முடித்தேன். ஊர் 12, கலிஃபோர்னியா 22, இங்கே 26. ஆக 60. பட்டமளிப்புக்கு விண்ணப்பமும் போட்டேன். (இதைக் கவனியுங்கள்: எல்லாம் முடித்தால் டிகிரி தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் கடைசித் தேதி உண்டு.) 2018 டிசம்பரில் பதில் வந்தது. மொத்தம் 59.33. தகுதி இல்லை.

குவார்ட்டரின் வேலை. நான்கு யூனிட் பாடம் இங்கே 3 ஆகாது, 2.67 தான். ஐந்து யூனிட் என்றால் 3.33. கோர் கட்டத்துக்குப் பாடம் பொருந்தினால் டிக் போட்டுவிடுகிறார்கள், மொத்தக் கூட்டலில் மட்டும் தசமம் தசமமாகக் கழிகிறது. நான் ஒவ்வொன்றையும் முழு எண்ணாக்கிக் கூட்டியிருந்தேன். கணிதத்துக்குக் கிரெடிட் தராதது சரிதான் போலிருக்கிறது.

0.67-க்காக இன்னொரு செமஸ்டர். ஒரு கிரெடிட்டில் கிடைத்தது உடற்கல்வி மட்டும், அதில் என் நேரத்துக்கு ஒத்து வந்தது யோகா. செவ்வாயும் வியாழனும் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, என் பாதி வயசுப் பிள்ளைகளோடு போய்ப் படுத்து எழுந்தேன். வெள்ளைக்கார ஆசிரியை ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் என்னைப் பார்த்தே "நமஸ்தே" சொல்வார், உச்சரிப்புச் சரியா என்று கேட்பது போல. நானும் தலையாட்டி வைப்பேன். ஏ கிரேடு.

கல்லூரிகளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எனக்குக் கிட்டத்தட்டப் பாதிக் கிரெடிட் வீணானது ஊரில் படித்ததும் மாநிலம் மாறியதும் சேர்ந்ததால். உங்களுக்கு இவ்வளவு ஆகாமல் போகலாம். எங்கள் காலேஜில் 2.67-ஐ 3 ஆக்கிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் அதுவும் உண்மையாக இருக்கலாம், கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

உங்களுக்கு நான் சொல்வது: ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் டிகிரி ஆடிட் என்கிற கணக்குப் பட்டியலைக் கேட்டு வாங்கி, மொத்தத்தைப் பார்க்காமல் எந்தக் கட்டம் காலி என்று பாருங்கள். பெரும்பாலும் 61 இருந்தும் தடுப்பது அதுதான். ஊர்ப் பாடத்தைச் சேர்ப்பதானால் டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும்போதே சிலபஸையும் முத்திரையோடு வாங்கச் சொல்லுங்கள், ஒரே பஸ் டிக்கெட்டில் முடியட்டும். அட்வைசர் வாயால் சொல்வதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். டிகிரி முடிக்காமலே பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டீர்களானால், அங்கே எடுக்கிற கிரெடிட்டைப் பழைய கல்லூரிக்குத் திருப்பி அனுப்பி அசோசியேட் வாங்க வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள், ரிவர்ஸ் டிரான்ஸ்ஃபர் என்பார்கள்.

அப்புறம், உங்கள் 61 செமஸ்டர் கிரெடிட்டா, குவார்ட்டர் யூனிட்டா? குவார்ட்டர் என்றால் அது 40.67.