வரி இருந்தால் எல்லாம் ஒன்றா? வரிக்குதிரைக் கறியும் வேட்டையும்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வரிக்குதிரை பற்றியவை. நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் குளிர்கால வேட்டை தொடங்கிவிட்டதுதான் காரணம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

வரிக்குதிரைக் கறி எப்படி இருக்கும்? சாப்பிடலாமா? (லண்டன்)

தாராளமாகச் சாப்பிடலாம். மாட்டுக்கறியைவிடக் கருஞ்சிவப்பாக இருக்கும். கொழுப்பு மிகக் குறைவு. சவ்வெடுத்த 100 கிராம் கறியில் சுமார் 2 கிராம். நாக்கில் லேசான இனிப்பு தட்டும். குதிரை இனத்தின் தசையில் கிளைக்கோஜன் அதிகம், அதனால் வரும் இனிப்பு அது. பிடிக்காவிட்டால் மிளகைக் கூட்டி, கொஞ்சம் வினிகர் சேர்த்தால் அடங்கிவிடும்.

நண்பர் ஒருவர் வேட்டையிலிருந்து 3 கிலோ கறி கொண்டுவந்து கொடுத்தார். மேலே மஞ்சளாகக் கொழுப்பு. இரண்டு மாதம் ஃப்ரீசரில் வைத்துக் குழம்பு வைத்தோம். வீடு முழுக்க வாடை. கெட்டுப்போன கறியைக் கொடுத்துவிட்டாரா? (ஜோஹன்னஸ்பர்க்)

நண்பர்மேல் பழி போடாதீர்கள். கறி கெடவில்லை, கொழுப்புதான் காறிவிட்டது. இதை எத்தனை முறை எழுதினாலும் மறுபடி கேள்வி வருகிறது: வரிக்குதிரைக் கொழுப்பை வெட்டி எறியுங்கள். கொஞ்சம்கூட வைக்காதீர்கள்.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் மறக்காது. மாடு, ஆடு, கூடூ என்ற ஆப்பிரிக்க மான் எல்லாம் அசைபோடும் விலங்குகள். புல்லில் உள்ள இளகிய கொழுப்பை அவற்றின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகள் கெட்டிக் கொழுப்பாக மாற்றிவிடும். வரிக்குதிரை அசைபோடாது. தின்ற புல் பெருங்குடலுக்குப் போன பிறகுதான் நொதிக்கிறது. அதற்கு முன்பே சிறுகுடல் அந்த இளகிய கொழுப்பை உறிஞ்சிக்கொள்வதால், அது மாறாமல் உடம்பில் சேர்கிறது. விரலில் தேய்த்துப் பாருங்கள், ஆட்டுக் கொழுப்பு மாதிரி உறையாது, எண்ணெயாக வழுக்கும். இப்படிப்பட்ட கொழுப்பு காற்றுப் பட்டால் சீக்கிரம் காறும். ஃப்ரீசர் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. மஞ்சள் நிறம் புல்லின் கரோட்டின், அது நோயல்ல.

தோலுரித்த அன்றே கொழுப்பையும் மேல்சவ்வையும் கத்தியால் வழித்து எடுத்துவிட்டு, சிவப்புக் கறியை மட்டும் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். வாடை என்ற பேச்சே இருக்காது.

இணைத்திருக்கும் படத்தில் இருப்பது எந்த வரிக்குதிரை என்று சொல்ல முடியுமா? (நைரோபி)

படத்தில் தெரிவது புல்லும் இரண்டு காதுகளும். எங்கே எடுத்தது என்றும் நீங்கள் எழுதவில்லை. அடையாளம் கேட்டு எழுதுபவர்கள் வயிறு, கழுத்து, பின்புறம் மூன்றும் தெரிகிற படமும் இடத்தின் பெயரும் அனுப்புங்கள். காது பெரிதாக வட்டமாக இருப்பதை மட்டும் வைத்து, வடக்குக் கென்யாவில் எடுத்தது என்றால், மூன்று வரிக்குதிரை இனங்களில் ஒன்றான கிரேவி வரிக்குதிரையாக இருக்கலாம். அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

கிரேவி வரிக்குதிரையை எங்கே வேட்டையாட அனுமதிக்கிறார்கள்? (துபாய்)

காட்டில் எங்கும் இல்லை. வடக்குக் கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் சேர்த்து மூவாயிரத்தை ஒட்டித்தான் மிச்சம். அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் முதல் பட்டியலில் இருக்கிறது. கென்யா 1977-லேயே வேட்டையை மொத்தமாக நிறுத்திவிட்டது. இந்தக் கேள்வியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம்.

நமீபியாவில் ஒரு வேட்டைப் பண்ணையில் ஹார்ட்மன் வரிக்குதிரை என்று பணம் கட்டிச் சுட்டேன். கூட வந்தவர் படத்தைப் பார்த்து "இது ஹார்ட்மன் இல்லை" என்கிறார். வயிறு வரைக்கும் வரி இருக்கிறதாம். வரி வரிதானே, கறியும் தோலும் ஒன்றுதானே, இதில் என்ன பெரிய வித்தியாசம்? (டர்பன்)

தம்பி, உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. ஆகவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வரிக்குதிரையில் மூன்று இனம். சமவெளி வரிக்குதிரை, மலை வரிக்குதிரை, கிரேவி. தெற்கு ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் பர்ச்செல் என்பது சமவெளி இனத்தை. மலை இனத்தில் இரண்டு கிளை: நமீபியாவின் மேற்கு மலைத்தொடரில் இருக்கும் ஹார்ட்மன், தென்னாப்பிரிக்காவின் கேப் மலை வரிக்குதிரை. குதிரையும் கழுதையும் மாதிரி, பர்ச்செலும் ஹார்ட்மனும் வெவ்வேறு இனம். பர்ச்செலுக்கு 44 குரோமோசோம், மலை இனத்துக்கு 32.

அடையாளம் எளிது. பர்ச்செலுக்குக் கறுப்பு வரிகளுக்கு நடுவே மங்கலான பழுப்பு நிழல்வரி ஓடும். வரி வயிற்றைச் சுற்றிக் கீழே சேரும். கால் கீழே போகப்போக வெளுக்கும். ஹார்ட்மனுக்கு நிழல்வரி கிடையாது. வயிறு வெள்ளை. கால்வரி குளம்பு வரை அழுத்தமாக இறங்கும். வாலுக்கு மேலே முதுகில் கம்பிவலை போட்ட மாதிரி குறுக்குவரிகள். கழுத்தின் கீழே மாட்டுக்கு இருப்பதுபோல் சின்ன அலைதாடி. வரிக்குதிரைகளில் மலை இனத்துக்கு மட்டுமே அலைதாடி உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்ணையில் உப்புப் போட்டு மடித்து வைத்த தோலைக் காட்டி, "ஹார்ட்மன், ஏற்றுமதிக்குத் தயார்" என்றார்கள். தொண்டைப் பக்கம் வெட்டிப் போயிருந்தது, அலைதாடி இருந்ததா என்று பார்க்க வழியில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, முதுகின் நடுக்கோட்டில் வாலிலிருந்து தலைப்பக்கமாகக் கையை ஓட்டினேன். மலை வரிக்குதிரைக்கு அந்த இடத்து முடி தலையை நோக்கிப் படுத்திருக்கும், கை வழுக்கிக்கொண்டு போகும். இந்தத் தோலில் முடி உள்ளங்கையில் எதிர்த்துக் குத்தியது. தோலின் ஓரத்தைப் பிரித்தால் வயிறு வரை வரி. ஆனால் பின்புறத்தில் அரைகுறையாகக் கம்பிவலை. அது பர்ச்செலும் இல்லை, ஹார்ட்மனும் இல்லை. ஒரே வேலிக்குள் இரண்டையும் அடைத்து வைத்ததால் பிறந்த கலப்பு. கேட்டதற்கு, "வாடிக்கையாளருக்கு வரி இருந்தால் போதும்" என்று பதில் வந்தது. அந்த வார்த்தை இன்னும் எனக்கு உறுத்துகிறது.

நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதியில் பர்ச்செலும் ஹார்ட்மனும் இயல்பாகவே பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. அங்கே மலையும் சமவெளியும் அவற்றைப் பிரித்து வைக்கின்றன. வேலி போட்ட பண்ணையில் அந்தப் பிரிவு இல்லை. துணை கிடைக்காத ஆண் எதனோடும் சேரும். குரோமோசோம் கணக்கு ஒத்துவராததால் அந்தக் குட்டி பெரும்பாலும் வம்சம் வளர்க்காது. அதைச் சுமந்த தாய்க்கு ஓர் ஆண்டு வீண். ஹார்ட்மனையும் கேப் மலை வரிக்குதிரையையும் கலந்தால் இன்னும் மோசம். இரண்டுக்கும் 32 என்பதால் கலப்பு தடையில்லாமல் பெருகி, கேப் கிளையைக் கரைத்துவிடும். அந்தக் கிளை எப்படிப் பிழைத்தது என்று நினைத்துப் பாருங்கள். 1937-ல் தென்னாப்பிரிக்காவின் கிராடாக் ஊருக்குப் பக்கத்தில் அதற்கென்றே தேசியப் பூங்கா அமைத்தபோது உள்ளே இருந்தவை 6. அதில் பெண் ஒன்றே ஒன்று. அந்தக் கூட்டம் தேறவில்லை. 1950-ல் பக்கத்துப் பண்ணையார் கொடுத்த 11 விலங்குகளால்தான் மறுபடி தழைத்தது. இன்று சில ஆயிரம். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியதை ஒரு வேலிக் கதவின் அலட்சியத்தில் இழக்கலாமா?

காகித விஷயமும் இருக்கிறது. பர்ச்செல் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. ஹார்ட்மன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. தோல் நாடு தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். ஹார்ட்மனைப் பர்ச்செல் என்று எழுதி அனுப்பினால் அது கடத்தல். உங்கள் கதை இதற்குத் தலைகீழ், பணம் மட்டும்தான் போனது. படத்தையும் ரசீதையும் வைத்துக்கொண்டு எழுத்தில் விளக்கம் கேளுங்கள். அடுத்த முறை சுடுவதற்கு முன், எந்த இனம், அதே வேலிக்குள் வேறு வரிக்குதிரை உண்டா என்று எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்கினால் அந்தப் பண்ணை வேண்டாம்.

இனத்துக்கு இனம் சுவை மாறுமா? (விண்ட்ஹூக்)

வயதும் பால்வேறுபாடும் செய்கிற மாற்றத்தை இனம் செய்யாது. இளம் பெண் விலங்கின் கறி மென்மையாக இருக்கும், கிழட்டு ஆணின் கறி நாராக இருக்கும். தோலுக்கும் அதே கணக்குதான்: ஆண்கள் கடித்தும் உதைத்தும் சண்டை போடுவதால் தோல் முழுக்கத் தழும்பு. அதற்காகப் பெண்ணைத் தேடிச் சுடாதீர்கள். பால் குடிக்கும் குட்டி கூட இருந்தால் துப்பாக்கியைக் கீழே வையுங்கள்.

தண்ணீர்த் துறை பக்கம் செத்துக் கிடந்த வரிக்குதிரை. காயம் எதுவும் இல்லை, உடம்பு விறைக்கவும் இல்லை, புதிதாகத்தான் இருந்தது. மூக்கில் மட்டும் கொஞ்சம் ரத்தம். வேலையாட்கள் அறுக்கலாமா என்று கேட்டார்கள். (வடக்கு நமீபியா)

கூடாது. கூடாது. கூடாது. விறைக்காத உடம்பு, மூக்கில் உறையாத ரத்தம் என்றால் முதலில் நினைக்க வேண்டியது அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ். எட்டோஷாவில் இந்த நோயில் அதிகம் சாவது வரிக்குதிரைதான். தோலைக் கிழித்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி மண்ணில் பல ஆண்டு கிடக்கும். தொடாதீர்கள், அறுக்காதீர்கள், நாயை விடாதீர்கள். கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். ஏற்கெனவே யாராவது கை வைத்திருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தானாகச் செத்த விலங்கு உணவல்ல.

எங்கே குறி வைப்பது? (பிரிட்டோரியா)

பக்கவாட்டில் நிற்கும்போது, முன்காலுக்கு மேலே தோள்பட்டையில் வரிகள் கூடித் தலைகீழ் 'V' போல நிற்கும் இடம். வரிக்குதிரை உயிர்ப்பிடிப்பு அதிகமுள்ள விலங்கு, காயத்தோடு கிலோமீட்டர் கணக்கில் ஓடும். வயிற்றில் பட்டால் விலங்குக்கும் வேதனை, கறியும் பாழ். குண்டு பட்ட இடத்தைச் சுற்றி ஒரு சாண் கறியை வெட்டித் தூக்கிப் போடுங்கள். ஈயத் துகள் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும். குழந்தைகள் சாப்பிடும் வீடு என்றால் இன்னும் தாராளமாக வெட்டுங்கள்.

வரிக்குதிரை ஹலாலா? (கேப் டவுன்)

வீட்டுக் கழுதை கூடாது, காட்டுக் கழுதை கூடும் என்பது பழைய பிரிப்பு. அறிஞர்கள் பலர் வரிக்குதிரையைக் காட்டுக் கழுதையோடு சேர்த்துக் கூடும் என்கிறார்கள். அறுத்த முறை, வேட்டையாடிய முறை பற்றி உங்கள் பள்ளிவாசல் ஆலிமைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது என் துறை இல்லை.

தொடைக்கறி எவ்வளவு நேரம் வேக வேண்டும்? ஸ்டேக் மாதிரி உள்ளே சிவப்பாக விடலாமா? (டர்பன்)

முதுகுக்கறி என்றால் மெல்லிய துண்டாகப் போட்டு வதக்கினாலே போதும். தொடை, கழுத்து எல்லாம் குக்கரில் நிதானமாக வேக வேண்டும். விலங்கின் வயதைப் பொறுத்து முக்கால் மணி முதல் ஒன்றரை மணி வரை. கொழுப்பில்லாத கறி என்பதால் தாளிக்கும் எண்ணெயைக் குறைக்காதீர்கள். முக்கியமாக, வாங்கும்போதே கொழுப்பை வழித்துவிடுங்கள் (ஆமாம், மறுபடியும் சொல்கிறேன்).

உள்ளே சிவப்பாக விடுவதை நான் ஏற்க மாட்டேன். பிரான்ஸிலும் இத்தாலியிலும் 1975 முதல் குதிரைக்கறியால் பலமுறை டிரிக்கினெல்லா புழு மனிதர்களுக்குப் பரவியிருக்கிறது. அதனால்தான் ஐரோப்பாவில் குதிரை இனத்துக் கறிக்கு அந்தப் பரிசோதனை கட்டாயம். பரிசோதித்த கறி என்றால் உங்கள் விருப்பம். நண்பர் சுட்டுக் கொடுத்தது என்றால் நடுப்பகுதி 71 டிகிரி வரும் வரை வேகவையுங்கள்.

குவாகா என்ற வரிக்குதிரை அழிந்ததற்குக் காரணம் கறிக்காகச் சுட்டதா? (யாழ்ப்பாணம்)

கறி, தோல், மேய்ச்சல் நிலம் மூன்றும். கேப் பகுதிப் பண்ணையார்கள் குவாகாவைச் சுட்டுக் கறியை வேலையாட்களுக்குக் கொடுத்தார்கள், தோலில் தானியப் பை தைத்தார்கள். ஆடுமாட்டுக்குப் புல் வேண்டும் என்றும் சுட்டார்கள். கழுத்திலும் முன்னுடம்பிலும் மட்டும் வரி, பின்னுடம்பு பழுப்பு. அது சமவெளி இனத்தின் ஒரு கிளை. ஆனால் அந்நாளில் அங்கே எல்லா வரிக்குதிரையையும் "குவாகா" என்றே கூப்பிட்டார்கள். அதனால் உண்மையான குவாகா காட்டில் தீர்ந்துபோனது யாருக்கும் உறைக்கவில்லை. 1883 ஆகஸ்ட் 12-ல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சியகத்தில் ஒரு பெண் குவாகா செத்தது. அதுதான் கடைசி என்று அன்றைக்கு அங்கிருந்தவர்களுக்கே தெரியாது. டர்பன் தம்பியும் இதைப் படிக்கட்டும்.

வரிக்குதிரை பில்டாங் (தென்னாப்பிரிக்க உலர்ந்த இறைச்சி) சென்னைக்குக் கொண்டுபோகலாமா? அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும். (ஜோஹன்னஸ்பர்க்)

கொண்டுபோகாதீர்கள். அனுமதியில்லாத இறைச்சி விமான நிலையத்தில் பிடிபட்டால் பறிமுதல்தான். அம்மாவுக்கு அந்தச் சுவையைக் காட்ட வேண்டுமென்றால், வறுத்து ஒன்றிரண்டாக இடித்த கொத்தமல்லி விதை, மிளகு, உப்பு, வினிகர் இவற்றில் ஊர் ஆட்டுக்கறியை ஓர் இரவு ஊறவைத்து உப்புக்கண்டம் போடுங்கள். பில்டாங்கின் மணம் அந்தக் கொத்தமல்லியில்தான் இருக்கிறது.