குடை மரத்துக்கு உரம் வேண்டாம், நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்

தேவிபட்டினத்தில் கடலோர வீடு, நர்சரியில் வாங்கி நட்ட குடை மரத்தின் இலைகள் கருகுகின்றன, என்ன உரம் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உரமூட்டையைத் தொடாதீர்கள், ஐயா. ரசாயன உரமும் ஓர் உப்புதான். எரிகிற இலைக்கு எண்ணெய் வார்த்ததாகிவிடும்.

முதலில் எந்த இலை கருகுகிறது என்று பாருங்கள். கடலைப் பார்த்த பக்கம் மட்டும் கருகி, தடவினால் பிசுபிசுவென்று ஒட்டினால் அது வாடைக்காற்று கொண்டுவந்த உப்பு. சுற்றிலும் அடி இலைகளின் ஓரம் பழுப்பேறிக் கருகினால் போர்த் தண்ணீரிலுள்ள உப்பைச் சந்தேகப்படுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாவதுதான். தூரில் வெள்ளை பூத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மழைநீரோ குடிநீரோ தேங்காமல் நிறைய ஊற்றி உப்பைக் கீழே இறக்கிவிட்டேன். பழைய இலை தேறவில்லை, புதுத் துளிர் சுத்தமாக வந்தது.

இது வட ஆஸ்திரேலியா, நியூகினிப் பக்கத்து மரம். குடைபோல் விரிந்திருப்பது பல இலைகள் அல்ல, ஒரே காம்பில் சுற்றி நிற்கும் சிற்றிலைகள். வேர் பொல்லாதது, கழிவுநீர்க் குழாய்க்குள்ளும் புகும். நாய், பூனை கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும்.

நிழல்தான் வேண்டுமென்றால் நாட்டு வாதுமை வையுங்கள். கிளை நுனியில் கொத்தாகப் பெரிய இலை, அடுக்கடுக்காகக் குடை. உப்புக்காற்றை அது சட்டை செய்வதில்லை. சிவந்து உதிரும் இலையைப் பெருக்கத்தான் ஆள் வேண்டும்.