கொலைகாரன் சொல்லும் காரணம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் நடந்த கொலைகளைப் பற்றிய கட்டுரையில் 'மதத்தை மட்டும் பார்த்தால் போதாது, அந்த ஆள் வாழ்ந்த வாழ்க்கையையும் பார்க்கவேண்டும்' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது நழுவலாகவே பட்டது. 2016 ஜூனில் பல்ஸ் இரவு விடுதியில் 49 பேரைக் கொன்றவன், அங்கிருந்தே போலீசுக்குப் போன் போட்டு ஐஎஸ் தலைவருக்கு விசுவாசம் தெரிவித்தான். அவனே சொல்லிவிட்டபின் நாம் ஏன் அவனுக்காக வேறு காரணம் தேடவேண்டும்? 2007இல் அமெரிக்கப் பல்கலைக்கழகமான வர்ஜீனியா டெக்கில் எங்கள் ஊர்க்காரரான பேராசிரியர் ஜி.வி. லோகநாதனைச் சுட்டவன் யாரோடும் ஒட்டாமல் மனம் பேதலித்துப்போனவன். அது வேறு கதை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது மதவெறிக்கு வக்காலத்து வாங்குவதாகாதா?

ஆர்.,
கோபிச்செட்டிப்பாளையம்

அன்புள்ள ஆர்.,

நீங்கள் வேறு கதை என்று ஒதுக்கிய வர்ஜீனியா டெக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

அன்று காலை மாணவர் விடுதியில் இரண்டு பேரைச் சுட்டபின் அந்தக் கொலைகாரன் சோ நேராக லோகநாதன் நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நாரிஸ் ஹாலுக்குப் போகவில்லை. நடுவில் தபால் நிலையத்துக்குப் போய் என்பிசி தொலைக்காட்சிக்கு ஒரு பார்சல் அனுப்பினான். அதிலிருந்த வீடியோவில், பலவீனர்களுக்காக இயேசுவைப் போலச் சாகிறேன் என்கிறான். அவனும்தான் வாயால் சொன்னான். ஆனால் அதை வைத்துக் கிறிஸ்தவ பயங்கரவாதம் என்று யாரும் கிளம்பவில்லை. கிளம்பாதது சரிதான். ஏனென்றால் அவன் வாழ்க்கை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவனுக்குப் பயந்து மாணவர்கள் கவிதை வகுப்புக்கு வராமல் நின்றார்கள். ஆசிரியர் அவனை வகுப்பிலிருந்து எடுக்கச் சொல்ல, துறைத்தலைவர் தனியாக உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். 2005இல் நீதிமன்றம் அவனுக்கு மனநல சிகிச்சை பெற உத்தரவிட்டது. இதையெல்லாம் பக்கத்தில் வைத்துத்தான் அந்த இயேசுப் பேச்சை எடைபோட்டோம்.

பல்ஸ் விடுதியில் சுட்ட ஓமர் மதீனுக்கும் அதே தராசைப் பிடியுங்கள் என்பதுதான் நான் கேட்டது. அவன் நியூயார்க்கில் பிறந்தவன். சிறைக்காவலர் பயிற்சியில் இருந்தபோது, வகுப்புக்குத் துப்பாக்கி கொண்டுவந்தால் காட்டிக்கொடுப்பாயா என்று கூடப் படித்தவனிடம் கேட்டிருக்கிறான். அது 2007 ஏப்ரல். அவனை நீக்கச் சொல்லிச் சிறை அதிகாரி எழுதிய கடிதத்தில் வர்ஜீனியா டெக் சம்பவமே குறிப்பிடப்பட்டிருக்கிறது! உங்கள் இரண்டு கதைகளும் அந்தக் காகிதத்தில் சந்தித்துக்கொண்டன. பிறகு கல்யாணம். அடி தாங்காத முதல் மனைவியை அவளுடைய பெற்றோர் வந்து அழைத்துப்போனார்கள். 2013இல் உடன் வேலை பார்த்தவர்களிடம், குடும்பத்துக்கு அல்கொய்தா தொடர்பு உண்டு, தான் ஹிஸ்புல்லா ஆள் என்று பீற்றிக்கொண்டான். கடைசியில் ஐஎஸ். சிரியாவில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த மூன்று கூட்டம் இவை. கொள்கை தெரிந்தவன் இந்த மூன்றுக்கும் ஆளாக இருக்கமுடியாது.

அதற்காக ஐஎஸ்ஸை விட்டுவிட மாட்டேன். ரமலானில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தாக்குங்கள் என்று அதன் பேச்சாளர் அத்னானி 2016 மே மாதம் அழைப்பு விடுத்தார். கொலைகள் நடந்தது ரமலானில். சிரியாவிலும் இராக்கிலும் குண்டு போடுவதை நிறுத்து என்றும் மதீன் போனில் சொன்னான். உள்ளே புகைந்துகொண்டிருந்தவனுக்கு அனுமதி, தேதி, பெயர் மூன்றையும் அந்த அமைப்பு எடுத்துக் கொடுத்தது. 2015 நவம்பரில் பாரிஸில் 130 பேரைக் கொன்றது வேறு வகை. அது சிரியாவில் திட்டமிட்டு ஆள் அனுப்பிச் செய்த வேலை. அங்கே மதத்தின் பெயரில் இயங்கும் அமைப்பை நேரடியாகக் கூண்டில் ஏற்றலாம். (தாக்கியவர்களில் ஒருவன் அதற்குமுன் பிரஸ்ஸல்ஸில் மதுக்கடை நடத்தியவன், போதைப்பொருள் விவகாரத்தில் கடையை மூடவைத்தார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.)

'பாவம், தனியாள்' என்று பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. தனிமையில் கிடப்பவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் ஒரு ஈயைக்கூட அடிப்பதில்லை. 2019இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைச் சுட்டவனுக்கு அப்பா விட்டுப்போன பணம் இருந்தது, நாடு நாடாகச் சுற்றினான். நார்வேயில் 77 பேரைக் கொன்ற பிரெய்விக் எழுதியதைப் படித்திருந்தான். மனிதர்களோடு நெருக்கமில்லாததால்தான் அந்த எழுத்து அவனுக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கியது என்கிற மாதிரிதான் நியூசிலாந்து விசாரணை ஆணையமும் எழுதியது. தனிமை ஆளைத் தயார் செய்யலாம். யாரைச் சுடுவது, பள்ளிவாசலிலா விடுதியிலா என்பது அவன் படித்ததிலிருந்து வருகிறது. ஆகவே அந்தப் பிரசுரங்களையும் அத்னானியின் பேச்சையும் ஒரே கண்டிப்போடுதான் பார்க்கவேண்டும்.

வக்காலத்து என்றீர்கள். காரணத்தை விரித்துச் சொன்னால் குற்றம் சிறுத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. மாறாக, நம் ஆள் சுட்டால் மனநோய், அடுத்தவன் சுட்டால் மதம் என்று தீர்ப்பெழுதும் வழக்கம்தான் எனக்கு எரிச்சல்.

ஒன்று மட்டும் இரண்டு வழக்கிலும் அச்சுப்பிசகாமல் ஒன்றுபோல் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவு இருந்தும் சோவின் பெயர் துப்பாக்கி விற்கக்கூடாதவர்களின் தடைப்பட்டியலில் ஏறவில்லை. சட்டப்படி அவனுக்கு விற்கவே கூடாது, ஆனால் கடையில் இரண்டு கைத்துப்பாக்கி தடையில்லாமல் வாங்கினான். அந்த ஓட்டையை அடைக்க 2008 ஜனவரியில் சட்டம் வந்தது. மதீனை எஃப்பிஐ இரண்டு முறை விசாரித்துக் கோப்பை மூடியிருந்தது. ஆயுதம் தாங்கும் காவலாளி உரிமம் அவன் பையில் இருந்தது. கொலைக்குச் சில நாள் முன்பு அவனும் கடைக்குப் போய்க் காசு கொடுத்துத் துப்பாக்கிகளைத் தடையில்லாமல் வாங்கிவந்தான், அதுவும் சட்டப்படி.

அன்புடன்