ஆனைமுடி முழுக எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

கேள்வி: பைபிளில் வரும் நோவா காலத்து ஜலப்பிரளயம் நடந்திருக்க முடியாது என்று போன இதழில் எழுதிவிட்டீர்கள். இமயமலையில் கடல் சிப்பி கிடக்கிறதே, அது எப்படி வந்தது? பாகவதத்திலும் பிரளயம் வருகிறது. எல்லா மதமும் ஒன்றையே சொன்னால் நடந்ததுதானே? 2018 வெள்ளத்தைக் கண்ணால் பார்த்த நாமே சந்தேகப்படலாமா?
– ஒரு வாசகர், தேவிகுளம்

பதில்: 2018-ஐப் பார்த்ததால்தான் ஐயா சந்தேகமே வருகிறது. அந்த வருஷம் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் சராசரியாகப் பெய்த மழை 2,346 மி.மீ. எண்பது நாளில் இரண்டேகால் மீட்டர் சொச்சம். அதற்கே அணைகளைத் திறந்துவிட்டு, தெருத்தெருவாகப் படகு விட்டார்கள்.

எவரெஸ்ட் தொலைவு, உங்கள் ஊர் ஆனைமுடிச் சிகரத்தையே எடுத்துக்கொள்வோம். உயரம் 2,695 மீட்டர். பைபிள் சொல்லும் நாற்பது நாள் மழையில் அது முழுக, நாளொன்றுக்கு 67 மீட்டர் பெய்ய வேண்டும். 2018-இல் எண்பது நாள் பெய்தது, இந்த மழையில் ஒரு மணி நேரத்துக்குள் பெய்து தீர்ந்துவிடும்.

தண்ணீர் மட்டம் பார்க்கும். மூணாறில் மட்டும் குவிந்து நிற்காது, பூமி முழுக்க அதே உயரத்துக்கு நிற்க வேண்டும். அதற்கு இப்போதுள்ள கடல்களைப் போல இன்னொரு பங்கு தேவை, கிட்டத்தட்ட. எங்கிருந்து வரும்? காற்றிலுள்ள ஈரம் மொத்தமும் ஒரே மழையாகக் கொட்டினாலும் இரண்டரை சென்டிமீட்டர்தான். துருவத்துப் பனியெல்லாம் உருகினாலும் கடல் 70 மீட்டர் போல உயரும், அவ்வளவே. ‘மகா ஆழத்தின் ஊற்றுக்கண்கள்’ பிளந்தன என்கிறது பைபிளின் ஆதியாகமம். நிலத்தடி நீரோ பூமியின் மொத்தத் தண்ணீரில் நூற்றில் இரண்டு பங்குகூடத் தேறாது.

சிப்பி ‘கிடக்கிறது’ என்கிறீர்கள். கிடக்கவில்லை, பாறைக்குள் அடுக்கடுக்காகப் புதைந்திருக்கிறது. இந்திய நிலத்தட்டு ஆசியாவை முட்டியபோது, சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன், இடையிலிருந்த கடலின் அடித்தரை மடிந்து மேலே வந்தது. இதற்கு இமயம்வரை போவானேன்? அரியலூருக்கு பஸ் ஏறுங்கள். சிமெண்ட் ஆலைக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லிலேயே கடல் சிப்பி இருக்கும். அந்தக் கடல் லட்சக்கணக்கான ஆண்டுகள் அங்கே குடியிருந்தது, நோவா வெள்ளம் போல 150 நாள் விருந்தாளியாக வந்து போகவில்லை.

எல்லா மதமும் சொல்கிறது என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. 1872-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் ஒரு பாபிலோனியக் களிமண் பலகையைப் படித்தார். படகு, விலங்குகள், மலையில் தட்டி நிற்பது, பறவையைப் பறக்கவிட்டுப் பார்ப்பது எல்லாம் அதில் இருந்தன. ஆதியாகமத்துக்கு மூத்த கதை அது. யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகள் ஓடும் தட்டைச் சமவெளியில் பிறந்தது. அங்கே ஆறு கரை உடைத்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான். நடுவில் நிற்பவனுக்கு உலகமே போய்விட்டது. உங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில் பழைய ஆட்களைக் கேளுங்கள். 1924 வெள்ளத்தை, கொல்லம் ஆண்டு 1099-இல் வந்த அந்தத் ‘தொண்ணூத்தொம்பது வெள்ளத்தை’, உலகம் அழிந்தது போலத்தான் சொல்வார்கள். மூணாறில் ஓடிய ரயிலையே கொண்டுபோன வெள்ளம், வேறு எப்படிச் சொல்வார்கள்?

பாகவதத்தில் திராவிட மன்னன் சத்தியவிரதன் கையில், பிரளயம் வரும் என்று எச்சரித்த மீன் அகப்பட்டது கிருதமாலை நதியில். மதுரைக்காரர்கள் அதைக் கிருதுமால் நதி என்பார்கள், வைகை என்போரும் உண்டு. கிருதுமால் இன்று சாக்கடை. வைகைக்கோ நம் பக்கத்து முல்லைப்பெரியாறு தண்ணீர் தர வேண்டியிருக்கிறது. பிரளயம் தொடங்கிய இடத்தின் கதி இது!

கடவுள் நினைத்தார், நடந்தது என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் பேனாவை மூடியிருப்பேன். அது விசுவாசம், கணக்கு கேட்பது மரியாதை இல்லை. நீங்களோ சிப்பியைக் காட்டி விஞ்ஞானம் என்கிறீர்கள். மாட்டிக்கொண்டால் அற்புதம் என்பீர்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். விஞ்ஞானம்தான் என்றால், அத்தனை தண்ணீரும் பிறகு எங்கே வடிந்தது என்று எழுதுங்கள், வெளியிடுகிறேன். எவரெஸ்ட்வரை வேண்டாம், ஆனைமுடி அளவுக்குப் போதும்.