விண்டோஸ் 10: அக்டோபர் 14-இல் நின்றது எது?

கேள்வி: வீட்டில் இரண்டு கணினிகள், இரண்டிலும் விண்டோஸ் 10. என்னுடையதில் இன்டெல் ஐ5-8400, மகள் படிக்கப் பயன்படுத்துவதில் பழைய ஐ5-4590. '2025 அக்டோபர் 14-க்குப் பிறகு விண்டோஸ் 10 கணினிகள் இயங்காது, விண்டோஸ் 11 உள்ள புதிய கணினி வாங்க வேண்டும்' என்று நாங்கள் வாங்கும் நாளிதழில் வந்தது. தேதி தாண்டியும் இரண்டும் ஓடுகின்றன. செய்தி தவறுதானே? மறுப்பு எழுதினால் போடுவார்களா?

பதில்: தவறுதான். ஆனால் பயப்பட ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு நின்றது, மாதாமாதம் தானாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட். அது நின்றால் கணினி நிற்காது. இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் வராது, அவ்வளவுதான். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லேயே ஆதரவு முடிந்தது. அதன் பிறகும் எத்தனையோ அலுவலகங்களில் எக்ஸ்பி ஓடியது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டபோது, மூன்று வருடத்துக்கு முன்பே கைகழுவிய அதே எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஓட்டையை அடைக்கும் ஒரு பேட்ச் வெளியிட்டது. 'ஓடும்', 'ஆபத்து' இரண்டும் சேர்ந்தே உண்மை. உங்கள் நாளிதழ் முதலாவதை விட்டுவிட்டது.

இன்னொரு விஷயம், அந்தத் தேதி புதுச் செய்தியே இல்லை. விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29. அப்போதே மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவுக் கால அட்டவணையில் 2025 அக்டோபர் 14 ஏறிவிட்டது. யார் கவனித்தார்கள்? அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே மாதம், இக்னைட் மாநாட்டில் ஜெர்ரி நிக்சன் என்ற மைக்ரோசாஃப்ட் ஊழியர் பேச்சுவாக்கில் விண்டோஸ் 10-ஐக் 'கடைசிப் பதிப்பு' என்று சொல்லியிருந்தார். உடனே 'இனி புது விண்டோஸே வராது' என்று உலகம் முழுக்கத் தலைப்பு. அவர் நிறுவனத்தின் சார்பில் அறிவிப்பு வெளியிட வந்தவர் அல்ல. ஆனால் நிறுவனமும் நேராக மறுக்கவில்லை. விண்டோஸ் இனி தொடர்ந்து புதுப்பிக்கப்படும் ஒரு சேவையாக வரும் என்று மழுப்பலாகச் சொல்லிவிட்டு விட்டது. அதனால் பழியை முழுக்க நிருபர்கள் தலையில் கட்ட எனக்கு மனம் வராது. அப்புறம் 2021 ஜூன் 24 அன்று விண்டோஸ் 11 அறிமுகம். அதற்குச் சில நாள் முன்புதான் பல ஊடகங்கள் அந்த அட்டவணையைப் பார்த்து, ஆறு வருடமாக அங்கேயே இருந்த தேதியைப் பரபரப்புச் செய்தியாக்கின.

இதே விண்டோஸ் 10 வெளியாவதற்கு முன், 2015 மார்ச்சில், இன்னொரு கூத்தும் நடந்தது. தகுதியுள்ள கணினிகளுக்கெல்லாம், அசல் நகலோ இல்லையோ, விண்டோஸ் 10 கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட்டின் டெர்ரி மையர்சன் ராய்ட்டர்ஸிடம் சொன்னார். 'திருட்டு விண்டோஸுக்கும் இலவசம்' என்று தலைப்புகள் பறந்தன. போலி நகலை மேம்படுத்தினாலும் அது உரிமம் இல்லாத நகலாகத்தான் இருக்கும் என்று நிறுவனம் பிறகு விளக்கம் கொடுத்தது. விளக்கம் தலைப்பு அளவுக்குப் பரவவில்லை.

உங்கள் நாளிதழ் விட்டதில் பெரியது இதுதான்: வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துக்கொள்ள வழி உண்டு. செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்தால் காசு கிடையாது. இல்லையென்றால் 30 டாலர், அல்லது 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள். கணினியில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் பதிவு செய்வதற்கான இணைப்பு இருக்கும். இது தெரிந்தவர் யாரும் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கடைக்கு ஓட மாட்டார்.

சரி, உங்கள் கணினிகளுக்கு வருவோம். ஐ5-8400 எட்டாம் தலைமுறை. கோடுக்குப் பிறகு வரும் 8 அதைத்தான் சொல்கிறது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸர் பட்டியலில் இது உண்டு. விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்க்கும் மைக்ரோசாஃப்ட்டின் சோதனை செயலி 'தகுதியில்லை' என்று காட்டினாலும் உடனே நம்பாதீர்கள். பல மதர்போர்டுகளில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி இருந்தும் அணைத்தே வைத்திருப்பார்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி பக்கத்தைப் பாருங்கள். அங்கே 'செக்யூரிட்டி பிராசஸர்' என்ற பகுதியே இல்லையென்றால், பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போய் 'பிடிடி' (PTT) என்றிருப்பதை எனேபிள் செய்ய வேண்டும்; இன்டெல் கணினிகளில் டிபிஎம்முக்கு அதுதான் பெயர். தொடும் முன் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோடு 'லெகசி' என்று இருந்தால் நீங்களாக எதையும் மாற்றாமல் தெரிந்த டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். அந்த மோடை மட்டும் மாற்றிவிட்டு டிஸ்க்கின் பிரிவு அமைப்பை மாற்றாமல் விட்டால் விண்டோஸ் பூட் ஆகாது.

ஐ5-4590 நான்காம் தலைமுறை. அதிகாரபூர்வமாக அதற்கு விண்டோஸ் 11 கிடையாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பவர்கள் உண்டு. அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அப்டேட்டுக்காகத்தானே இந்தப் பாடு! நீட்டிப்பில் பதிவு செய்து ஓட்டுங்கள். கெடு முடிந்தபின், மகளுக்கு பிரவுசரும் எழுத்து வேலையும் போதுமென்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

மறுப்புக் கடிதம்: ஆசிரியருக்கு எழுதுங்கள், அரைப் பக்கம் தாண்ட வேண்டாம். செய்தி வந்த தேதி, பக்க எண், தவறான வரியை அப்படியே எடுத்து ஒரு மேற்கோள், மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவுப் பக்கம் அதற்கு என்ன சொல்கிறது, என்ன திருத்தம் வெளியிட வேண்டும், இவை இருந்தால் போதும். 'கம்பெனியிடம் காசு வாங்கிவிட்டீர்கள்' என்று எழுதினால் கடிதம் குப்பைக்குப் போகும். இயங்காது என்ற வரியும் நீட்டிப்பைச் சொல்லாமல் விட்டதும் நிரூபிக்கக்கூடியவை. அவற்றை மட்டும் பிடியுங்கள். பாதுகாப்பு ஆபத்து என்று அவர்கள் எழுதியிருந்தால் அது சரியே, அதை மறுக்காதீர்கள்.

ஆசிரியர் பதிலே தராவிட்டால் இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்குப் போகலாம். நாளிதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும், ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலும் வேண்டும். கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. தொலைக்காட்சி அதன் வரம்பில் வராது. ஒரு கணினிச் செய்திக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் ஆசிரியர் கடிதத்தோடு நிறுத்திக்கொள்வேன்.