104 கிலோ வெயிட்டை சைக்கிள் தாங்குமா?

கேள்வி: எனக்கு 38 வயசு, வெயிட் 104 கிலோ. ஸ்கூல் முடிச்சதுக்கு அப்புறம் சைக்கிளை தொட்டதே இல்ல. டாக்டர் தாராளமா ஓட்டுங்கன்னு சொல்லிட்டார். ஆனா சைக்கிள் என்னைத் தாங்குமா, எந்த மாதிரி வாங்கணும், எப்படி ஆரம்பிக்கணும்?

பதில்: தாங்கும்ங்க, ஆனா எல்லா சைக்கிளும் தாங்காது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வெயிட் லிமிட் உண்டு, மேனுவல்ல போட்டிருப்பாங்க, நிறைய மாடலுக்கு அது 100ல இருந்து 120 கிலோவுக்குள்ள தான் இருக்கும். அந்தக் கணக்கு சில கம்பெனில ஓட்டுறவங்க வெயிட் மட்டும், சில கம்பெனில சைக்கிள், பை எல்லாம் சேர்த்து, சைக்கிளே 15 கிலோ வந்துச்சுன்னா 120ன்னு போட்டது உங்களுக்கு அங்கேயே முடிஞ்சிடும். கடைக்காரர் "அதெல்லாம் தாங்கும் மேடம்"னு சொன்னாலும் நீங்களே ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க.

எல்லாரும் ஃபிரேம் உடைஞ்சிடுமோன்னு தான் பயப்படுறாங்க, ஆனா பொதுவா முதல்ல அடி வாங்குறது பின் சக்கரம். நிமிர்ந்து உக்காந்து ஓட்டும்போது பாதிக்கு மேல வெயிட் பின்னாடி தான் இறங்குது, சக்கரம் வீக்கா இருந்தா ஸ்போக்ஸ் ஒண்ணொண்ணா அறுந்துக்கிட்டே வரும். அதனால கடையிலயே குனிஞ்சு எண்ணிடுங்க, வெக்கப்படாதீங்க. பின்னாடி 32 இருக்கணும், 36 கிடைச்சா விடாதீங்க. ரிம் டபுள் வால், அதாவது ரெண்டு அடுக்கு சுவர் உள்ளதா இருக்கணும், டயர் அகலம் 40ல இருந்து 50 மில்லிமீட்டர். காத்து அடிக்கடி செக் பண்ணுங்க, கம்மியா இருந்தா குழில இறங்கும்போது ட்யூப் ரிம்முல நசுங்கி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும், அதே சமயம் டயர் ஓரத்துல எழுதியிருக்க அதிகபட்ச அளவத் தாண்டவும் கூடாது.

முன்னாடி சஸ்பென்ஷன் வேணுமான்னு கேட்டா, என் கணக்குல வேண்டாம். விலை கம்மியான சைக்கிள்ல வர்ற ஸ்பிரிங் உங்க வெயிட்டுக்கு பாதி அமுங்கியே கிடக்கும், சுமக்கிறது தான் மிச்சம். அந்தக் காசை நல்ல சக்கரத்துல போடுங்க. கார்பன் ஃபிரேம் பக்கம் போகாதீங்க, ஸ்டீலோ அலுமினியமோ போதும். நடுக்கம்பி தாழ்ந்த மாடலா இருந்தா காலைத் தூக்கிப் போட்டு ஏறுற பயம் இருக்காது. ஹேண்டில்பார் சீட்டை விட உயரமா இருக்கணும், இல்லன்னா மிதிக்கும்போது தொடை வயித்துல இடிக்கும், கையும் மரத்துப் போகும். பிரேக் டிஸ்க் நல்லது.

சீட்ல தான் நிறைய பேர் ஏமாறுறாங்க, அமுக்கிப் பாத்துட்டு தலகாணி மாதிரி மெத்துன்னு இருக்கிறதை வாங்கிடுறாங்க, அதுல கொஞ்ச நேரத்துல புதைஞ்சு போய் நடுவுல அழுத்தி மரத்துப் போயிடும். வெயிட்டைத் தாங்க வேண்டியது உக்காருற எலும்பு ரெண்டும் தான். ஒரு அட்டைப்பெட்டித் துண்டுல உக்காந்து எந்திரிச்சா ரெண்டு பள்ளம் தெரியும், நடுவுல உள்ள தூரத்தோட ஒரு 2 சென்டிமீட்டர் கூட்டிக்கிட்டு அந்த அகலத்துக்கு, கொஞ்சம் கெட்டியா இருக்கிறதாப் பாருங்க. பேட் வெச்ச ஷார்ட்ஸ் போட்டா உள்ளாடை போடாதீங்க, தையல் உரசி புண்ணாயிடும். தொடை உரசுற இடத்துல வாசலின் தடவிக்கோங்க.

ஆரம்பத்துல பேலன்ஸ் வர்ற வரைக்கும் ரெண்டு காலும் தரையில படுற மாதிரி சீட்டை இறக்கி வெச்சுக்கலாம், ஆனா அப்படியே விட்டுடாதீங்க, முட்டி போயிடும். தைரியம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. பெடல் கீழ இருக்கும்போது குதிகால் வெச்சா கால் நேரா நிக்கணும், அதான் சரியான உயரம். நிறுத்தும்போது சீட்ல இருந்து முன்னாடி இறங்கி நிக்கப் பழகுங்க.

முதல் ரெண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 15 நிமிஷம், சமமான ரோட்ல, லேசான கியர்ல. பேசிக்கிட்டே ஓட்ட முடியுதா, அது தான் சரியான ஸ்பீடு. பேச முடியாம மூச்சு வாங்கினா குறைச்சுக்கோங்க, மேட்டுல இறங்கித் தள்ளிட்டுப் போனா ஒண்ணும் குறைஞ்சிடாது. நெஞ்சு வலி, தலை சுத்தல் வந்தா உடனே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க. உக்காருற இடத்துல வலி மட்டும் புதுசா ஓட்டுற யாருக்கும் வரும், ரெண்டு மூணு வாரத்துல குறையும், மரத்துப் போனா தான் சீட்டை மாத்தணும்னு அர்த்தம். ஒரு மாசம் கழிச்சு சைக்கிளைக் கொண்டுபோய் ஸ்போக்ஸ் டைட் பாத்து கோட்டம் எடுக்கச் சொல்லுங்க, புது சக்கரத்துல அது பெரும்பாலும் கொஞ்சம் லூஸாகும்.