ஹாஸ்டல் சாப்பாட்டில் புரதம்: சாம்பாரை நம்பாதீங்க

வணக்கம் தங்கச்சி. 55 கிலோ எடை, முட்டைகூட கிடையாது, ஹாஸ்டல்ல சமைக்க முடியாது, கெட்டில் மட்டும் இருக்கு, புரதத்துக்கு என்ன பண்றதுன்னு கேட்டு எழுதியிருந்தீங்க. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்குப்படி உடல் எடையில ஒரு கிலோவுக்கு தினமும் 0.83 கிராம் புரதம், உங்களுக்கு ஏறக்குறைய 46 கிராம் போதும். பவுடர் டப்பாவெல்லாம் வேண்டாம்.

தினமும் சாம்பார் சாப்பிடறேன்னு சொல்றீங்களே, அங்கதான் சிக்கல். துவரம்பருப்பு 100 கிராம்ல 22 கிராம் புரதம் இருக்குறது உண்மை. ஆனா மெஸ் சாம்பார் ஒரு கரண்டில பருப்பு எங்க இருக்கு? தேடணும்!

சோயா உருண்டை வாங்கி வச்சுக்கோங்க. 50 கிராம்ல 25 கிராம் புரதம். கெட்டில் தண்ணி கொதிச்சதும் ஊத்தி கால் மணி நேரம் மூடி வச்சு, பிழிஞ்சு, மெஸ் குழம்புலயே போட்டுடலாம். வாசனை பிடிக்கலன்னா ரெண்டு தடவை பிழியுங்க. அலுத்துப்போற நாள்ல முளைகட்டின பச்சைப்பயறு.

சாயந்திரம் பிஸ்கட்டுக்குப் பதிலா பொட்டுக்கடலை 50 கிராம் (10 கிராம் புரதம்), கூட ஒரு கைப்பிடி வேர்க்கடலை. தயிர் ஒரு கப்புக்கு 6 கிராம் வரும், மோரா கரைச்சது கணக்குல வராது. சோறும் பருப்பும் ஒண்ணுல குறையுற அமினோ அமிலத்தை (புரதத்தோட சின்னச் சின்னக் கூறுகள்) இன்னொண்ணு ஈடுகட்டிடும்.

முடி கொட்டுதுன்னீங்க. அது இரும்புச்சத்துக் குறைவாவும் இருக்கலாம், ஹீமோகுளோபின் பார்த்துடுங்க.